'பட்லர் இங்கிலீஷ்'னு சிரிச்சது நாமதான்: போடி பயிற்சி வகுப்பில் பேசியது

(போடியில் ஞாயிற்றுக்கிழமை நடந்த நம்ம தகவல் தொழில்நுட்ப அணியின் பயிற்சி வகுப்பில் பேசியது. அன்னைக்கு வர முடியாத தோழர்கள் கேட்டதால எழுத்தில் தர்றேன். கொஞ்சம் நீளம். முழுசா படிச்சிட்டு கமெண்ட்ல திட்டுங்க, வாங்கிக்கிறேன்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'பதிவுகளில் மொழி'. போஸ்டர்ல ஒற்றுப்பிழை வராம பார்க்கிறது எப்படி, ஹேஷ்டேக்ல ஒரு எழுத்து மாறினா என்ன ஆகும், இதெல்லாம் பேசச் சொன்னாங்க. அதை அடுத்த வகுப்பில் பேசிக்கலாம். இன்னைக்கு ஒரு மீம் பத்திப் பேசணும். அதைச் செஞ்சது நான்.

உங்கள்ல பாதிப் பேர் அதை ஷேர் பண்ணியிருப்பீங்க. மாற்றுக் கட்சியைச் சேர்ந்த ஒரு அம்மா, மலைக் கிராமத்துல இருந்து ஜெயிச்சு வந்தவங்க. வெளிமாநிலத்துல இருந்து வந்த ஒரு அதிகாரிகிட்ட, பக்கத்துல மொழிபெயர்க்க ஆள் இல்லாத நேரத்துல, தனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல பேசுறாங்க. "ரோடு நோ சார். ரெயின் கம்மிங், ஜீப் நோ கோயிங்." பதினாலு செகண்ட் வீடியோ. நான் அதுக்கு ஒரு காமெடி மியூசிக் போட்டு, மேல 'பட்லர் இங்கிலீஷ் அக்கா'ன்னு எழுதிப் போட்டேன். நம்ம பக்கத்துல அந்த மாசம் போட்ட எந்தத் திட்ட விளக்கப் பதிவுக்கும் வராத லைக் அதுக்கு வந்துச்சு. எனக்கு ஒரே சந்தோஷம்.

ராத்திரி வீட்டுல அம்மாகிட்ட காட்டினேன். எங்கம்மா முன்னாடி காலையில ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவங்க. இப்ப முட்டி வலி. போடியிலேயே ஒரு குடோன்ல ஏலக்காய் பொறுக்குற வேலை. வீடியோவை ரெண்டு தடவை பார்த்தாங்க. சிரிக்கல.

"ஏண்டா, அந்தம்மா கேட்ட ரோடு வந்துச்சா இல்லையா?"

என்கிட்ட பதில் இல்ல. ரோடு வரல. அந்த மழைக்கு ஜீப் போகாத ஊர்ல நம்ம ஓட்டும் இருக்கு, நம்ம கொடியும் பறக்குது. அந்தம்மா கேட்டது என்னன்னு நம்ம பக்கத்துல யாருமே கேட்கல, நான் உட்பட.

அதுக்கப்புறம் ரெண்டு வாரம் கொஞ்சம் படிச்சேன். 'பட்லர் இங்கிலீஷ்'ங்கிற வார்த்தை எங்க இருந்து வந்துச்சுன்னு தேடப் போய், உலகம் பூரா சுத்திட்டு திரும்ப போடிக்கே வந்து நின்னேன். அதைத்தான் சொல்லப் போறேன்.

1886-ல லண்டன்ல 'ஹாப்சன்-ஜாப்சன்'னு ஒரு அகராதி வந்துச்சு. இந்தியாவுல இருந்த வெள்ளைக்காரங்க பேச்சுல புழங்குன நம்மூர் வார்த்தைகளைத் தொகுத்தது. செஞ்சவங்க ரெண்டு பேர், ஹென்றி யூல், ஆர்தர் பர்னெல். இந்த பர்னெல் தஞ்சாவூர்ல நீதிபதியா இருந்தவர், புத்தகம் வெளிவர்றதுக்கு முன்னாடியே இறந்துட்டார். அந்த அகராதியில 'பட்லர் இங்கிலீஷ்' தனிச் சொல்லா இருக்கு. சென்னை மாகாணத்துல துரைமார் வீட்டுச் சமையல்காரர், வேலைக்காரர் பேசுற உடைஞ்ச இங்கிலீஷ்னு அர்த்தம் சொல்லி, சீனாவுல பேசுற 'பிட்ஜின்' இங்கிலீஷை விட இது ஒண்ணும் உசத்தி இல்லன்னு ஒரு குத்தும் வச்சிருக்காங்க.

அதாவது, உலகத்துல எங்கேயோ பொதுவா இருந்த கேலி இல்ல இது. குறிப்பா நம்ம மாகாணத்து ஆளுங்களை, வீட்டு எஜமான் தன் சமையல்காரரைப் பார்த்துச் சொன்ன கேலி. நூத்தம்பது வருசம் கிட்ட ஆச்சு. துரை கப்பல் ஏறிப் போய்ட்டாரு. அந்த வார்த்தையை எடுத்து நான் ஒரு மலைக் கிராமத்து அம்மா தலையில ஒட்டினேன்.

இன்னொரு பக்கமும் பாருங்க. துரைமாரோட தமிழ் எப்படி இருந்துச்சு? 19-ஆம் நூற்றாண்டுல கொழும்புல, தோட்டத்துக்குப் புதுசா வர்ற சின்னத்துரைகளுக்காக ஒரு பாக்கெட் தமிழ்க் கையேடு போட்டாங்க. அதோட தலைப்பே 'இங்கே வா'. மரியாதை விகுதி எல்லாம் அவங்களுக்குத் தேவைப்படல, ஏவினா போதும். அவங்க பேசுன அரைகுறைத் தமிழுக்கு நம்ம ஆளுங்க சிரிச்சிருப்பாங்க, லயத்துக்குள்ள, கதவைச் சாத்திக்கிட்டு. அகராதியில ஏத்துற அதிகாரம் ஒரு பக்கம்தான் இருந்துச்சு.

இப்ப அந்தம்மா பேசுன வாக்கியத்துக்கு வருவோம். நான் இன்ஜினியரிங் படிச்சவன், மொழியியல் படிச்சவன் இல்ல. ஆனா ஒரு புரோகிராம்ல பிழை வந்தா எந்த வரியில வந்துச்சுன்னு பார்ப்போம்ல, அப்படிப் பார்த்தேன். "ரெயின் கம்மிங், ஜீப் நோ கோயிங்." இதுல தாறுமாறா எதுவும் இல்ல. 'மழை வந்தா ஜீப் போகாது'ங்கிற நம்ம வாக்கியம் அப்படியே இருக்கு. பெயர் முன்னாடி, வினை கடைசியில. காலம் காட்ட எல்லாத்துக்கும் ஒரே 'இங்'. அந்தக் காலத்து பட்லர்களும் இதே 'இங்'கை வச்சுத்தான் எதிர்காலத்தை ஓட்டினாங்கன்னு எழுதியிருக்காங்க. நாம டிகிரி வாங்கியும் "ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்"னு சொல்றோம்ல, அது அதோட சொந்தக்காரன்தான். அதிகாரிக்கு விஷயம் புரிஞ்சிருக்கு. வீடியோவுல அவர் தலையாட்டுறார், நான்தான் அந்த இடத்துல கட் பண்ணிட்டேன்.

சரி, 'நல்ல' இங்கிலீஷ் யாரோடது? பிரெஞ்சுக்கு 1635-லேயே ஒரு அகாடமி வச்சாங்க, எது சரி எது தப்புன்னு சொல்ல. இங்கிலீஷுக்கு அப்படி ஒரு தலைமைக் கழகம் இன்னைக்கு வரைக்கும் கிடையாது. அமெரிக்காக்காரன் பேச்சைப் பார்த்து லண்டன்காரன் ரொம்ப காலம் மூக்கைச் சுளிச்சான். 1828-ல நோவா வெப்ஸ்டர் அமெரிக்காவுக்குன்னு தனி அகராதி போட்டு 'கலர்'ல இருந்த 'யு'வைத் தூக்கினார். இன்னைக்கு நம்ம லேப்டாப்ல ஸ்பெல்செக் பெரும்பாலும் அவர் வழியிலதான் சிவப்புக் கோடு போடுது. சிங்கப்பூர்ல வாக்கியத்துக்குக் கடைசியில 'லா' போடுவாங்க. அது சரியில்லன்னு அந்த அரசாங்கமே 2000-ல 'நல்ல இங்கிலீஷ் பேசுங்க'ன்னு இயக்கம் நடத்துச்சு. 'லா' போகல. மேற்கு ஆப்பிரிக்காவுக்காக பிபிசி 2017-ல பிட்ஜின் மொழியிலேயே செய்திச் சேவை ஆரம்பிச்சிருச்சு. ஹாப்சன்-ஜாப்சன் எதை வச்சு நம்மளை மட்டம் தட்டுச்சோ, அந்தப் பெயர்லேயே ஒரு நியூஸ் சேவை.

பிரஜ் கச்ருன்னு ஒரு காஷ்மீர்க்காரர், அமெரிக்காவுல இலினாய் பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்தவர். 1985-ல இங்கிலீஷை மூணு வட்டமா வரைஞ்சு காட்டினார். உள் வட்டம் பிரிட்டன், அமெரிக்கா மாதிரி தாய்மொழியா பேசுற நாடுகள். அதுக்கு வெளிய நம்ம இந்தியா, நைஜீரியா, சிங்கப்பூர் மாதிரி, ஆட்சி போனாலும் மொழியை வச்சுக்கிட்ட நாடுகள். அதுக்கும் வெளிய சீனா, ஜப்பான் மாதிரி கத்துக்கிற நாடுகள். ரெண்டாவது வட்டத்துக்காரங்க பேசுறது பிழை இல்ல, அதுக்குன்னு முறை இருக்குன்னு அவர் சொன்னார். நம்ம பாஷையில சொன்னா லினக்ஸ் மாதிரி. கெர்னல் ஒண்ணு, டிஸ்ட்ரோ நூறு. உபுண்டு வச்சிருக்கிறவன் ஃபெடோரா வச்சிருக்கிறவனை 'உன்னோடது லினக்ஸே இல்ல'ன்னு சொன்னா எப்படி இருக்கும்? (சொல்றவன் இருக்கான், அது வேற கதை.)

நம்ம டிஸ்ட்ரோ எப்படி இருக்குன்னு போடியில வச்சே பார்க்கலாம்.

எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு இத்தனை வருசம் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இந்த ரெண்டு வாரமா அவங்க பேசுறதைக் கவனிச்சேன். "இன்னைக்கு லாட்டு பெருசு. 8 எம்எம் போல்டு கம்மி. சாம்பிள் நல்லாத்தான் இருந்துச்சு, கலரு இல்ல." ஒரு மூச்சுல இத்தனை இங்கிலீஷ் வார்த்தை. அதுல 'போல்டு' இருக்கே, அதைப் பாருங்க. பள்ளிக்கூடத்துல போல்டுன்னா தைரியம்னு படிச்சோம். இங்க போல்டுன்னா பருமனான காய். ஏலக்காய் வியாபாரத்துல 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு'ன்னு ஒரு தரமே இருக்கு. பட்டியல்ல ஏ.ஜி.இ.பி.ன்னு போடுவாங்க. அந்தக் காலத்துல இந்த மலை ஏலக்காய் ஆலப்புழைத் துறைமுகம் வழியா போனதால வந்த பேர். இப்ப போடி குடோன்ல இருந்து நேரா வடக்க போற காய்க்கும் பேர் ஆலப்பிதான். லண்டன்ல நடந்து போற ஒருத்தரை நிறுத்தி 'எக்ஸ்ட்ரா போல்டு கார்டமம்'னா என்னன்னு கேளுங்க, முழிப்பார். சவுதியில காவாக் காபிக்கு ஏலக்காய் வாங்குற வியாபாரிக்குப் புரியும். எங்கம்மாவுக்குப் புரியும். ரெண்டு பேருக்குமே இங்கிலீஷ் தாய்மொழி கிடையாது.

அம்மாகிட்ட, "போல்டுன்னா தைரியம்னு அர்த்தம்மா"ன்னு சொன்னேன். "காய்க்கு என்னடா தைரியம்?"னுட்டு போய்ட்டாங்க.

இங்க 'ஏலக்காய் ஏலம்'னு சொல்றோமே, அதையும் யோசிச்சுப் பாருங்க. முதல் ஏலம் நம்ம மண்ணோட வார்த்தை. மலையாளத்துல ஏலத்தரின்னு சொன்னதைத்தான் 17-ஆம் நூற்றாண்டுல டச்சுக்காரங்க 'ஹோர்துஸ் மலபாரிகுஸ்' தாவர நூல்ல எழுதி, அது பிறகு 'எலெட்டேரியா'ன்னு அறிவியல் பேராவே ஆயிருச்சு. ரெண்டாவது ஏலம் போர்ச்சுக்கீசியர் கொண்டு வந்த 'லெய்லாவ்'. ஜன்னல், மேசை, சாவி, அலமாரி எல்லாம் வந்த அதே கப்பல்ல வந்தது. நாம கொடுத்ததும் வாங்கினதும் பக்கத்துல பக்கத்துல ஒரே உச்சரிப்புல உட்கார்ந்திருக்கு. 2007-ல ஸ்பைசஸ் போர்டு கம்ப்யூட்டர் வழி ஏலத்தைக் கொண்டு வந்தப்ப முன்னாடி 'ஈ'ன்னு ஒரு இங்கிலீஷ் எழுத்தும் சேர்ந்து 'ஈ-ஏலம்' ஆச்சு.

மலை மேல போனா இன்னும் இருக்கு. காயை உலர்த்துற இடம் 'ஸ்டோர்'. கடை இல்ல, உலர்கூடம். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிறது 'மஸ்டர்'. தொழிலாளர் வீட்டு வரிசை 'லயம்'. லைன் லயன் ஆகி, லயன் லயம் ஆச்சு. சங்கீதத்துல வர்ற லயம்னு நினைச்சு வெளியூர்ல இருந்து வந்த ஒரு நண்பர் "எவ்ளோ அழகான பேர்"னு சொன்னார். உள்ள போய்ப் பார்த்துட்டு அப்புறம் ஒண்ணும் சொல்லல. இலங்கை மலையகத்துல நம்ம சனங்க கான்ட்ராக்டை 'கொந்தரப்பு'ன்னும், காலையில ஆள் திரட்டுற பரேடை 'பெரட்டு'ன்னும் ஆக்கியிருக்காங்க. பதிலுக்கு நம்ம 'கங்காணி' இங்கிலீஷ் அகராதியில ஏறியிருக்கு. கட்டுமரம், சுருட்டு, மிளகுத் தண்ணி, பந்தல் எல்லாம் ஏற்கெனவே அங்க இருக்கு. 2016-ல ஆக்ஸ்போர்டு 'ஐயோ'வைச் சேர்த்தாங்க, 2017-ல 'அண்ணா'வை.

குரங்கணிப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன்னு ஊர் பேரு. மூணாறுல இருந்து தேயிலையை ரயில்ல டாப் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு வந்து, அங்க இருந்து ரோப்வேயில கொட்டகுடிக்கு இறக்கி, போடிக்குக் கொண்டு வந்தாங்க. 1924 வெள்ளத்துல அந்த ரயில் போச்சு. ரயில் போய் நூறு வருசம் ஆச்சு, ஸ்டேஷன் மட்டும் ஊர் பேரா நிக்குது. போடிக்கு மறுபடி ரயில் வர 2023 ஜூன் வரைக்கும் காத்திருந்தோம்ங்கிறது தனி வயித்தெரிச்சல்.

இதெல்லாம் கேட்டுட்டு யாரும் 'ஆகா இங்கிலீஷ்'னு கொண்டாட வேண்டாம். இந்த மொழி பரவின வழி அவ்வளவு சுத்தமானது இல்ல. 1860 நவம்பர்ல 'ட்ரூரோ'ன்னு ஒரு கப்பல் மெட்ராஸ்ல இருந்து டர்பன் போய்ச் சேர்ந்துச்சு, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏத்திக்கிட்டு. அவங்க வாரிசுகள்ல பெரும்பாலானவங்களுக்கு இன்னைக்கு வீட்டு மொழியே இங்கிலீஷ்தான். பேர்ல 'பிள்ளை' இருக்கு, 'நாயுடு' இருக்கு, கோயில்ல தேர் ஓடுது, வாயில தமிழ் இல்ல. இங்கிலீஷை வாங்கிக்கிறதுக்கும் இங்கிலீஷ்கிட்ட வீட்டைக் கொடுக்கிறதுக்கும் வித்தியாசம் அங்க போய்ப் பார்த்தா தெரியும்.

நம்ம மாநிலம் இந்த வித்தியாசத்தைத் தெரிஞ்சு முடிவெடுத்துச்சு. அரசியலமைப்புச் சட்டப்படி 15 வருசத்துல, அதாவது 1965 ஜனவரி 26-ஓட, ஒன்றிய ஆட்சியில இங்கிலீஷோட இடம் முடியணும். அதை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க, உயிர் போச்சு. 1967-ல சட்டம் திருத்தி இங்கிலீஷ் தொடரும்னு உறுதி ஆச்சு. 1968 ஜனவரி 23-ல அண்ணா முதல்வரா இருந்தப்ப சட்டமன்றத்துல தீர்மானம் போட்டு, தமிழ், இங்கிலீஷ் ரெண்டு மொழி போதும்னு பள்ளிக்கூடத்துல நிறுத்தினாங்க. எந்தக் கட்சி வந்தாலும் அதை மாத்தல.

இப்ப என் மீமைத் திரும்பப் பாருங்க. தமிழ் தெரியாத அதிகாரி வர்றார். அவர்கிட்ட இந்தியில பேச மாட்டோம், இங்கிலீஷ்ல பேசுவோம்னு மூணு தலைமுறையா சொல்லிக்கிட்டு இருக்கோம். ஒரு அம்மா, பெரிய படிப்பு இல்லாதவங்க, அதை அப்படியே செஞ்சாங்க. நாம சிரிச்சோம். இங்கிலீஷ் வேணும்னு போராடுனது கான்வென்ட்ல படிச்ச ரெண்டு சதவீத ஆளுக்காகவா? அப்படின்னா நம்மளைப் பத்தி டெல்லியில பேசுறவங்க சொல்றது சரின்னு ஆயிரும்.

வகுப்புல ஒரு தோழர் கேட்டார்: "அப்ப தப்பா பேசினா போதும், கத்துக்க வேணாமா தம்பி?" நியாயமான கேள்வி. போதாதுண்ணே. நான் கேம்பஸ் இன்டர்வியூவுல "ஐ ஆம் பாஸிங் அவுட் திஸ் இயர்"னு சொன்னேன். அந்தப் பக்கம் வீடியோவுல இருந்தவர் "ஐ ஹோப் நாட்"னு சிரிச்சார். அவர் ஊர்ல பாஸிங் அவுட்னா மயங்கி விழுறது. நம்ம ஊர்ல படிப்பு முடிக்கிறது. எனக்கு அர்த்தம் புரியல, நானும் கூடச் சிரிச்சேன். வேலை கிடைக்கல. அதனாலதான் கிடைக்கலன்னு சொல்ல மாட்டேன், ஆனா அதுக்கப்புறம் அந்த இன்டர்வியூவுல என் வாய் திறக்கவே இல்ல. பிழை திருத்துறது வேற, சிரிச்சு வாயை மூட வைக்கிறது வேற. வெளிய எந்த இங்கிலீஷ் எங்க செல்லும்னு பிள்ளைகளுக்குச் சொல்லித்தரணும். கவர்மென்ட் ஸ்கூல் பையன் ரெண்டு மூணு டிஸ்ட்ரோ தெரிஞ்சு வச்சுக்கணும். அதுக்கு முதல்ல அவன் பேசணும்ல? ஊருக்குள்ள ஒரு பெரிய மனுஷி பேசினதை மீமா பார்த்து வளர்ற பிள்ளை எப்படி வாயைத் திறக்கும்?

இன்னொரு தோழர், "நம்ம தலைவர்களோட இங்கிலீஷை அவங்க ட்ரோல் பண்றாங்களே, அதுக்கு என்ன பண்றது?"ன்னார். பண்றாங்க. நமக்கும் கோபம் வருது. அப்ப நாம கமெண்ட்ல என்ன எழுதுறோம்? "மொழி அறிவு இல்ல, மொழி கருவி"ன்னு எழுதுறோம். அதே கமெண்டை அந்தம்மா வீடியோவுக்குக் கீழயும் நாமதான் எழுதியிருக்கணும். அவங்க ஊழல் பண்ணா கேளுங்க, சபையில பொய் சொன்னா ஆதாரத்தோட போடுங்க, நானே டிசைன் பண்ணித் தர்றேன்.

செஞ்சதைச் சொல்லிடுறேன். அந்தப் பதிவை எடுத்தாச்சு. என் சொந்தக் கணக்குல இருந்ததையும் எடுத்துட்டேன். டவுன்லோடு பண்ணி வாட்ஸ்அப்ல வச்சிருக்கிறவங்க அழிச்சிருங்க, திரும்ப யாராவது அனுப்பினா அனுப்பினவங்களுக்கு இந்தப் பதிவோட லிங்க்கை அனுப்புங்க. அந்தம்மாவுக்கு வருத்தம் தெரிவிச்சு ஆள் மூலமா சொல்லி அனுப்பியிருக்கேன், பதில் வரல, வரணும்னு எதிர்பார்க்கவும் இல்ல. கட் பண்ணாத முழு வீடியோவை நம்ம ஒன்றியப் பொறுப்பாளர் அண்ணன்கிட்ட கொடுத்திருக்கோம், அந்த ரோடு சம்பந்தமா மனு எழுத. மனு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் இருக்கும். இங்கிலீஷ் பகுதியை நான் எழுதுறேன், பிழை இருந்தா திருத்தித் தாங்க.

அப்புறம் ஒரு உதவி. போடி, குரங்கணி, போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு, கம்பம் பக்கம் இருக்கிற தோழர்கள், உங்க தோட்டத்துல, குடோன்ல, லயத்துல புழங்குற இங்கிலீஷ் வார்த்தைகளை, அங்க அதுக்கு என்ன அர்த்தமோ அந்த அர்த்தத்தோட கமெண்ட்ல எழுதுங்க. மலேசியா, சிங்கப்பூர், இலங்கையில இருந்து படிக்கிறவங்களும் எழுதுங்க. என் பட்டியல்ல இப்ப நாப்பத்தி மூணு இருக்கு. அதுல பாதி எங்கம்மா சொன்னது.